கம்பனிக்கு ஞானத்தகப்பன்

மாதா துணை

பேசாலை,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

அன்புள்ள மருமகன் ஜெனிஸ்ரனுக்கு மாமா அமிர்தநாயகம் எழுதிக்கொள்வது. நானும் உமது மாமி செலீனாவும் இங்கே சுகம். என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். லண்டன் குளிருக்குள் நீரும் என் மகள் சுவேதினியும் சுகமாய் இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம். நான் போனில் கோல் எடுத்தால் நீர் எடுக்கிறீரில்லை. ஆகவே எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். சுவேதினி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசியும். முடியும்வரை கோபப்படாதையும், முடிந்த பிறகு உமது விருப்பம்.

தம்பி, உமது புதுக் கம்பனிக்குக் காசு வந்து விழவேண்டிய கணக்கு இன்னும் திறபடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். ஆனால் முழுப் பிழையும் என்னுடையதல்ல. போன வருடம் நீர் வாங்கிக் குவித்த, உட்கார்ந்தால் உடம்பு பிடித்துவிடுகிற மசாஜ் கதிரைகள் விற்காமல் கராஜ் நிறையக் கிடந்தபோது, சுவேதினி உம்மை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிவந்து, இனி உமது பேரில் ஒரு வியாபாரமும் செய்வதில்லையென்று மாதாவுக்கு முன்னால் வாக்குக் கொடுக்க வைத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீர் என்ன செய்தீர்? அடுத்த கம்பனியை எனக்குப் பேர்கூட வாயில் நுழையாத ஒரு தீவில், என் பேரில் பதிந்தீர். "மாமா, பேர் மட்டும்தான் உங்கடை. மிச்சமெல்லாம் நான் பாக்கிறன். ஆரும் கேட்டால் நான்தான் முதலாளி எண்டு சொல்லுங்கோ, அவ்வளவு காணும்" என்றீர். உமது பேரில் இல்லாதபடியால் வாக்கும் முறியாதாம். மாதாவோடேயே வழக்காடுகிற நீர் அப்புக்காத்தாய் வந்திருக்க வேண்டிய ஆள்.

எனக்கோ விசயம் உடனே விளங்கிவிட்டது. பெற்றவர் ஒருவர்; ஞானஸ்நானத் தொட்டியடியில் ஏந்திப் பிடித்து, வாய் பேசாத பிள்ளைக்காகக் குருவானவருக்குப் பதில் சொல்பவர் இன்னொருவர். ஞானத்தகப்பன்! பேசாலையில் பாதிப் பிள்ளைகளுக்கு நின்றவன், மருமகனின் கம்பனிக்கு நிற்க மாட்டேனா?

கணக்குத் திறக்க முதலில் வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் செத்துப்போன என் மாமனாரின் பேரில்தான் வருகிறது. அதனால் கிராமத்து விதானையாரின் கந்தோருக்குக் கடிதம் வாங்கப் போனேன். ரகசியம் என்றபடியால் "ஒரு சின்னக் கம்பனி விசயம்" என்று மட்டும்தான் வாய் திறந்தேன், ஆனால் அங்கே காத்திருக்கிறவர்களின் வாங்கில் எங்கள் ஊர் மார்த்தா குந்தியிருந்தாள். மார்த்தாவின் காதில் விழுந்ததைக் கோயில் ஒலிபெருக்கியில் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பொழுதுபடுவதற்குள் ஒருவர் மகனுக்கு வேலை கேட்டு வந்துவிட்டார், திருவிழாக் கமிட்டியார் பந்தல் செலவுக்கு வந்துவிட்டார்கள், மீன்காரன்கூட "கம்பனி முதலாளிக்கு என்ன குறை" என்று சூடைமீனுக்கு விலை கூட்டிவிட்டான். மாமிக்கு விசயம் தெரிந்ததும் அப்படித்தான்.

பிறகு அந்தக் கணக்குத் திறக்கிற இடத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை, றிம்ஷா என்று பேர், வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டுமென்று அழைத்தாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கரைக்கு ஓடினேன். கரைக்குப் போனால் எங்கள் போன்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, உமக்குத் தெரியும்தானே, அக்கரைச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விடும்.

"அங்கிள், நீங்க இந்தியாவிலயா இரிக்கிறீங்க? எங்கட சிஸ்டம் அப்படித்தான் காட்டுது."

"இல்லைப் பிள்ளை, போன்தான் அங்கை போட்டுது. நான் பேசாலையிலைதான் நிக்கிறன்" என்று படகையும் வலையையும் வலைக்கு மேலே நித்திரை கொண்ட நாயையும் காட்டினேன். நம்பினாள்.

"கம்பனி என்ன செய்யிது?"

அதை நீர் எனக்குச் சொல்லித் தரவில்லை. "இப்பத்தானே பிறந்தது. இன்னும் ஒண்டும் செய்யத் தொடங்கேல்லை" என்றேன். அதற்கும் சிரித்தாள், நல்ல பிள்ளை. அதன் பிறகுதான் கேட்டாள்:

"அங்கிள், இந்தக் கம்பனி உண்மையில யாருக்குச் சொந்தம்?"

"எனக்குத்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், தம்பி. மாதா அறிய, திறந்தேன். ஆனால் கோயில் பதிவிலே ஞானத்தகப்பன் பேருக்கு முன்னால் தகப்பன் பேர் எழுத ஓர் இடம் இருக்கிறதே! தகப்பன் லண்டனில் உயிரோடும் உத்தியோகத்தோடும் இருக்கும்போது, ஞானத்தகப்பன் முந்திக்கொண்டு "தகப்பன் நான்தான்" என்றால் ஊர் என்ன கதைக்கும்? இந்த வயதில், பேர் தெரியாத தீவில், எனக்கு ஒரு பிள்ளையா? செலீனா என்னை வீட்டில் வைத்திருப்பாளா?

"பிள்ளை, நான் ஞானத்தகப்பன் மட்டும்தான். பெத்த தகப்பன் என்ரை மருமகன் ஜெனிஸ்ரன். நல்ல குடும்பத்துப் பெடியன். வடிவா எழுதிக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவள் அதைத் தட்டி எழுதிக்கொண்டாள். பிறகு, "உண்மையச் சொன்னீங்க அங்கிள், நல்லம். ஆனா அவரே வந்து முகத்தக் காட்டி, தன்ட பேரக் குடுக்கணும். இல்லாட்டி கணக்குத் திறக்க ஏலாது" என்றாள்.

இதை உமக்குச் சொன்ன அன்றோடு நீர் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டீர். கணக்குத் திறபடாதது எனக்குப் பெரிதில்லை, நீர் கதைக்காததுதான் பெரிது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மகனாய் வந்தவர் நீர். கதிரை விற்காததற்காக உம்மை ஒருநாளும் குறைவாய் நினைத்ததில்லை. முழங்காலுக்கு ஒன்று அனுப்பியிருக்கலாமே என்று மட்டும்தான் நினைத்தேன். உமது பேரை ஒளிக்காதையும். சுவேதினியிடம் நீரே சொல்லும். கத்துவாள், கோப்பை ஒன்றிரண்டு உடையும், பிறகு சோறு போடுவாள். தாயும் அப்படித்தான். புருசனுக்கு ஒரு சொல் ஒளிக்கத் தெரியாமல் அவளை வளர்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவளுக்கு ஒளிப்பது பாவம், தம்பி.

மடு மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. மாமியும் அன்பு சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கோபித்தாலும் உம்மை விடமாட்டாத மாமா,
அமிர்தநாயகம்.

பி.கு.: இதைப் படம் பிடிக்க மாமியின் போனை எடுத்தேன். கையில் வைத்திருக்கும்போதே அடித்தது. "செலீனா ஆன்ட்டி இரிக்கிறாங்களா?" என்று ஒரு குரல். பிறகு, "அங்கிள்! நீங்களா?" றிம்ஷாவேதான். மாமி என் முகத்தைப் பார்க்காமல் கறிச்சட்டியைப் பார்த்தாள். விசாரித்ததில், சுவேதினி கேக் விற்க ஒரு கம்பனி தொடங்கியிருக்கிறாளாம், அதே தீவில், தாயின் பேரில். "இவருக்குத் தெரியக்கூடாதம்மா. வாக்குக் குடுக்க வைச்சதே நான், சிரிப்பார்" என்றாளாம். ஆருக்குச் சொந்தம் என்று கேட்டதற்கு உமது மாமி "எனக்குத்தான், என்ரை மனுசனுக்கும் தெரியாது" என்று கண் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறாள். இதை உமக்குச் சொல்ல மாட்டேனென்று மாமிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், ஆகவே இந்தப் பகுதியை வாசிக்காதையும். வாசித்துவிட்டீரென்றால் இரண்டு பேரும் இன்றைக்கே முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ. ஆர் சொன்னதென்று அவள் கேட்டால், வேறு ஆருடைய பேரையாவது போடும். என் பேர் மட்டும் வேண்டாம்.