தாத்தா நின்றால் ஒரு மாடு

“அப்பா, உக்காருங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க.”

“மாட்டேன்!” என்றார் கரெக்கேசி.

பியாமுகாமாவுக்கு வியர்த்தது. மகள் கெமிரெம்பேயைப் பெண் கேட்டு முற்றம் நிறைய ஆட்கள் வந்திருக்கிறார்கள். பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் தருவதாகப் பேசிய மாடுகள் போதுமென்றால், பெண்ணின் தாத்தா உட்கார்ந்து ஒரு வாய் பால் குடிக்க வேண்டும். நின்றால், போதாது என்று அர்த்தம். அந்த வீட்டுப் பழக்கம் அது.

கரெக்கேசிக்கு மறதி நோய். பெற்ற மகனையே, “தம்பி யார் வீட்டுப் பிள்ளை?” என்று சிரித்தபடி கேட்கிற சாது. இரண்டு நாளாகத்தான் எரிந்து எரிந்து விழுகிறார். நோய் முற்றிவிட்டது, வேறென்ன என்று மகன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் தங்கள் பெரியவர் கதுராமுவைப் பார்த்தார். சாணியைக்கூடச் சும்மா தரமாட்டார் என்று பெயர் வாங்கியவர் கதுராமு. அவரோடு மல்லுக்கட்டத்தான் பியாமுகாமா ஒரு வாரமாகத் தொண்டையைப் பதப்படுத்தி வைத்திருந்தான். அவரோ அரைக்கண்ணை மூடியபடி தலையாட்டினார்.

“சரி, இன்னொரு மாடு!” என்றார் பேச்சாளர்.

கரெக்கேசி உட்காரவில்லை.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து, “அப்பா! தாத்தாவுக்கு என்னமோ...” என்று ஒரு குரல்.

“ஷ்! பொண்ணு குரல் வெளிய கேக்கக் கூடாது. நீ ஆஸ்பத்திரியிலதான் நர்ஸு, இன்னிக்கு இங்க கல்யாணப் பொண்ணு!”

முக்காலி கடினமாக இருக்கிறதோ என்று ஒரு தலையணையைப் போட்டு, அப்பாவின் தோளை அழுத்தினான் பியாமுகாமா. பட்டதுதான் தாமதம், பெரியவர் அலறித் தலையணையைத் தூக்கி எறிந்தார். அது பேச்சாளர் மடியில் போய் விழுந்தது.

“இவ்வளவு கோபமா!” பேச்சாளர் திரும்பினார். கதுராமு தலையாட்டினார். “சரி, இன்னும் ஒண்ணு!”

“ஐயோ, மாடே வேண்டாங்க!” என்றான் பியாமுகாமா.

“ஒரு மாடு வேண்டாமாம். ரெண்டா சேத்துக்கங்க!” என்றார் பேச்சாளர்.

கதுராமு அதற்கும் ஆட்டினார்.

“தாத்தா, கறக்க ஒண்ணாவது மிச்சம் வைங்க,” என்று கதுராமுவிடம் கெஞ்சினான் மாப்பிள்ளை அசீமுவே. அதற்கும் அதே ஆட்டல்தான்.

மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தே விட்டார். “இது பொண்ணு கேக்கற வீடா, மாட்டுச் சந்தையா? வண்டியை எடுங்கடா!”

பியாமுகாமா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பையனைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள் அவன் மகள். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

திரை விலகியது. கெமிரெம்பே முற்றத்துக்கே வந்துவிட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தாத்தாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். உள்ளே வெந்நீர் கேட்டாள். ஒரு அலறல். பிறகு, வெகு நிம்மதியாக ஒரு “அப்பாடா”.

வெளியே வந்த கரெக்கேசி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பால் குடித்து, “எல்லாரும் யார் வீட்டுப் பிள்ளைங்க?” என்று சிரித்தார். முற்றமே கைதட்டியது.

“கட்டி,” என்றாள் கெமிரெம்பே. “உக்கார்ற இடத்துல, எலுமிச்சம்பழம் அளவுக்கு. மறதிக்காரங்களுக்கு எங்க நோகுதுன்னு சொல்லத் தெரியாது. ரெண்டே நாள்ல ஆளு மாறிட்டா, மறதி முத்திடுச்சுன்னு விட்டுடக் கூடாது. உடம்புல என்ன கோளாறுன்னு தேடணும்.”

பியாமுகாமாவுக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டு நாளும் அப்பா வலியோடுதான் நின்றிருக்கிறார். “கூடுதலாச் சேத்த மாடெல்லாம் வேண்டாம் சம்பந்தி. எங்க அப்பாவுக்குக் கோபம் இல்ல, கட்டிதான். இருந்தாலும் கதுராமு ஐயாவோட தாராள மனசு யாருக்கு வரும்!”

பெண்கள் வரிசையிலிருந்து கதுராமுவின் மனைவி பதறி எழுந்தாள்.

“அம்மாடி, எங்க வீட்டுக்காரருக்கும் மறதிதான், வெளிய சொல்லிக்கல. ஆயுசுல ஒரு கன்னுக்குட்டியைக்கூட விட்டுக் குடுக்காத மனுஷன், முந்தாநாள்லேருந்து எதைக் கேட்டாலும் தலையாட்டறாரு. இவரையும் உள்ள கூட்டிட்டுப் போய்ப் பாரு!”