காய்ந்த வாளி

"படுத்தா தலைவலி இல்ல. எந்திரிச்சா உயிர் போகுது. என்னங்க தலைவலி இது, காய் நறுக்கச் சொன்னா மட்டும் வருது?"

ரமணி கேட்டபோது அய்யாக்கண்ணு கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இடுப்பு டிஸ்க் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, காலை வேளைகளில் கடைவரை நடந்துகூடப் போய்வந்துகொண்டிருந்தார். இந்த வாரம்தான் தலைவலி பிடித்தது. தெருமுனை கிளினிக்கில் பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த எம்சி லீவு திங்கட்கிழமை முடிகிறது. இன்னொரு தடவை லீவு கேட்டால் வேறு ஆள் போடுவதாக மாக் மண்டின் தொழிற்சாலை சூப்பர்வைசர் சொல்லியாயிற்று.

"நடிக்கிறேன்னு நெனைக்கிறியா?"

"நானா? உங்க சூப்பர்வைசர் நெனைப்பாரு லா. எந்திரிச்சு உக்காருங்க. பழக வேணாமா?"

உட்கார்ந்தார். பின்மண்டையில் யாரோ ஆணி அடித்தார்கள். ரமணி தைலத்தை அள்ளி நெற்றியில் தேய்த்தாள். இப்போது கண்ணும் எரிந்தது.

அப்போதுதான் அவள் படுக்கையைப் பார்த்தாள். நடுவில் ஈரம்.

"ஐயையோ, என்னங்க இது, சின்னப் புள்ளையாட்டம்!"

"ஏய்! சத்தியமா நான் இல்ல!"

முகர்ந்தாள். வாடையே இல்லை. வெறும் தண்ணீர். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"கூரை போச்சோர்! நேத்து மழையில ஓடு ஒழுகியிருக்கு. வீட்டு ஓனர்கிட்ட அப்பவே சொன்னேன்."

கட்டிலைச் சுவரோரம் இழுத்துவிட்டு, பழைய இடத்தில் வாளி வைத்தாள். மறுநாள் வாளி காய்ந்து கிடந்தது, படுக்கை நனைந்திருந்தது. வாளியைச் சுவரோரம் வைத்துக் கட்டிலை நடுவுக்கு இழுத்தாள். வாளி காய்ந்தது. படுக்கை நனைந்தது.

"இந்தக் கூரைக்கு உங்க மேல என்னங்க கோபம்?"

அவர் சிரிக்கவில்லை.

"ரமணி, காதுல 'ஙொய்'ங்குது. கழுத்தைத் திருப்ப முடியல. மண்டைக்குள்ள ஏதோ ஆயிருச்சு. பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

"ஈரத்துல படுத்து நீர் கோத்துக்கிச்சுங்க. இனிமே கட்டிலே வேணாம். நாற்காலியிலயே இருங்க."

நாற்காலியில் இருந்தார். வாந்தி எடுத்தார்.

ஒரு வழியாகக் கூரை வேலை செய்யும் பஷீர் ஏணியோடு வந்தார். நல்ல வெயில்.

"அக்கா, ஏணியை யாராச்சும் புடிங்க."

"ஏங்க, ஒரு நிமிஷம் புடிச்சுக்குங்க. நான் ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டுடறேன்."

அய்யாக்கண்ணு அப்போதுதான் மாற்றிய சலவைச் சட்டையோடு வாசலுக்கு வந்து, கண்ணை இறுக மூடி, ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றார். பஷீர் ஏறினார்.

போனை எடுத்தவள் வார்டு நர்ஸ் ஷர்மினி.

"நின்னா வலிக்குது, படுத்தா போயிடுதாம்மா?"

"அப்படியேதான் மிஸ்ஸி!"

"எங்கயாச்சும் போச்சோர் ஆகுதா? தண்ணி மாதிரி ஒழுகுதா?"

ரமணி அசந்துபோனாள். "உங்களுக்கு எப்படி மிஸ்ஸி தெரியும்? கட்டில் பூரா தண்ணி! கவலைப்படாதீங்க, ஆள் மேல ஏறியாச்சு."

"ஆளா? எங்க ஏறியாச்சு?"

"ஏணியில. எங்க வீட்டுக்காரர்தான் புடிச்சிட்டிருக்காரு."

"நிக்கிறாரா? அம்மா, நான் வீட்டைக் கேக்கல! மொதல்ல அவரைப் படுக்க வைங்க! அப்புறம் உடனே..."

"ஒரு நிமிஷம் மிஸ்ஸி." ரமணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்தாள். "பாய்! போச்சோர் எங்கேன்னு தெரிஞ்சுச்சா?"

பஷீரின் ஒரு கை ஓட்டின் மேல் இருந்தது. கண் மட்டும் கீழே, ஏணியைப் பிடித்திருந்தவரின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தையல் பிரித்த இடத்தில் வட்டமாக நனைந்திருந்த சட்டையில் நின்றுபோயிருந்தது.

"கூரை காஞ்சு கெடக்குக்கா," என்றார் மெதுவாக. "ஒழுகுறது அண்ணேதான்."