காணாமல் போன எட்டு ஜிபி

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். அங்கும் நலமென்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உங்கள் அக்காவுக்கு நீங்கள் கொடுத்த கணினியில் பதினாறு ஜிபி மெமரி இருப்பதாகச் சொன்னீர்கள். எட்டுதான் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவன் நான். சரக்கு குறைந்தால் குறைந்தது என்று எழுதித் தருவது பழக்கம். கோபம் எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற உங்கள் அக்காவிடம் ஒரு குழந்தைகள் நாடகக் குழு இசையமைத்துத் தரச் சொன்னது. காட்டுக்குள் ஒரு அரக்கன் வருகிறான், அவ்வளவுதான் கதை. கணினியில் இருக்கும் இசை மென்பொருளில் வயலின், புல்லாங்குழல், டிரம்பெட் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் கூப்பிட்ட ஒவ்வொன்றும் மெமரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் அக்கா யாரையும் வேண்டாமென்று சொல்லிப் பழகாதவள், நாற்பத்திரண்டு கருவிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். ஐந்தாம் காட்சியில் பாட்டு விக்கியது, பிறகு அறுந்து அறுந்து வந்தது, பிறகு மெமரி போதவில்லை என்று திரையில் ஒரு கட்டம் தோன்றி எல்லாம் மூடிக்கொண்டது. சேமிக்காத இரண்டு காட்சிகள் போயின. நாடகத்துக்கு ஆறு நாள் இருந்தது.

"ஏங்க, ஆயுசு பூரா கிடங்குல இடம் பண்ணிக் குடுத்தீங்களே, இதுலயும் கொஞ்சம் பண்ணிக் குடுங்களேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் பொறுப்பேற்றேன். முதல் வேலையாக உங்கள் திருமணப் புகைப்படங்கள் ஆயிரத்து நூறையும் அழித்தேன். ஒரு பயனும் இல்லை. கணினி பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்தேன்.

"சார், நீங்க படத்த அடுக்கி வெக்கிற அலமாரியக் காலி பண்ணியிருக்கீங்க. இடம் பத்தாதது வேலை நடக்குற மேசையில. மெமரிங்கிறது மேசை."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க இப்பதானே சார் போன் பண்றீங்க."

எழுதி முடித்த பகுதிகளை 'ஃப்ரீஸ்' செய்யச் சொன்னார் அவர். அப்படிச் செய்தால் வாசித்தது ஒலியாகத் தங்கிவிடும், கருவி மெமரியை விட்டு இறங்கிவிடும். இருபதை ஃப்ரீஸ் செய்தேன், இணையத்தில் அவள் திறந்துவைத்திருந்த முப்பத்தேழு பக்கங்களையும் மூடினேன், கணினி மூச்சுவிட்டது. ஆனால் ஃப்ரீஸ் செய்ததில் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற முடியாது, உங்கள் அக்காவுக்கோ மாற்றாமல் இருக்க முடியாது. "அந்த வயலின் ரொம்ப அழுவுதுங்க, எடுத்து விடுங்க" என்பாள், எடுத்து விடுவேன், அழுகையைக் குறைப்பாள், மறுபடி ஃப்ரீஸ் செய்வேன், அதற்குள் புல்லாங்குழல் சரியில்லை என்பாள். இரண்டு நாள் எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது.

அப்படியும் கடைசிக் காட்சி விக்கியது. அவள் ஒத்திகைக்குப் போயிருந்தபோது நான் உட்கார்ந்து முதல் பதினைந்து நிமிடத்தைக் கவனமாகக் கேட்டேன். நான்கு டிரம்பெட்டுகள் ஒரு சத்தமும் போடாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அசையாத சரக்கை வெளியேற்றுவதுதான் முறை. வெளியேற்றினேன். அதன்பின் கணினி வெண்ணெய் போல ஓடியது. வந்து பார்த்தவளுக்கு அப்படியொரு சந்தோஷம். "முழுசா ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பேன்" என்றேன். "ஓடுதுல்ல, அதுவே பெருசு" என்று குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. அரக்கனாக நடித்தவர் ஆறடி உயர மருந்துக்கடைக்காரர். அவர் நுழைந்தபோது ஒற்றைப் புல்லாங்குழல் 'பீ' என்றது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. உங்கள் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"என் டிரம்பெட் எங்க?"

"வேலையில்லாம உக்காந்திருந்துச்சு. எடுத்துட்டேன்."

"அது இதுக்காகத்தாங்க உக்காந்திருந்துச்சு!"

மேடையில் மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு வாயில் கைகுவித்து, அடிக்கொரு தரம், தானே "பாம்... பாம்..." என்று ஊதிக்கொண்டு நடந்தார். முன்வரிசைக் குழந்தை ஒன்று சேர்ந்துகொண்டது, பிறகு அந்த வரிசை, பிறகு அரங்கம் முழுவதும். உங்கள் அக்கா என் கையை விட்டாள். அவள் விரல் நாற்காலிப் பிடியில் தாளம் போட்டதை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, "நான் எழுதினதவிட அரை சுருதி கம்மியாத்தான் கத்துனாங்க. ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள். இனி நாடகம் போடும்போதெல்லாம் அந்த இடத்தைக் குழந்தைகளுக்கே விட்டுவிடுவதாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது.

இருந்தாலும் இத்தனைக்கும் மூலம் உங்கள் எட்டு ஜிபி குறைவுதான். உறவு வேறு, சரக்கு வேறு. மீதியை விரைவில் அனுப்பிவைக்கவும். உங்கள் வீட்டு மனிதர்களும் இயந்திரங்களும் சொன்ன அளவுக்குக் குறையாமல் நீடூழி இயங்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பழுதுபார்ப்பவர் வந்து கணினிப் பெட்டியைத் திறந்துவிட்டார். எட்டும் எட்டுமாக உங்கள் பதினாறும் உள்ளேயே இருக்கிறது. ஒரு மெமரிப் பட்டை மட்டும் இடத்தை விட்டு எழும்பியிருந்திருக்கிறது. கட்டைவிரலால் ஓர் அழுத்து, 'டக்', முடிந்தது. "யாராவது உள்ள கைவிட்டுத் துணியால தொடச்சாங்களா சார்?" என்று கேட்டார். அடுத்த அறையில் உங்கள் அக்கா இருந்ததால் நான் பலமாக இருமினேன். குறை உங்களுடையது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று மாலை போன் செய்து திட்டுவாள். தயவுசெய்து ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளவும்.