வெயில் குடிக்கும் கார்

ஆனையிறவுக்குள் ஏறும்போது காரின் திரையில் முப்பத்திரண்டு காட்டிய இலக்கம், உப்பளம் கண்ணில் பட்டதும் முப்பதாக இறங்கியது. குகதாசன் வேகத்தைக் குறைத்தார்.

பின் ஆசனத்தில் மாப்பிள்ளை ஜனார்த்தனன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, மாலை கசங்காமல் நிமிர்ந்து இருந்தான். பக்கத்தில் அவனுடைய பெரியம்மா சுமித்திரா, கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டை மடியில் அணைத்துப் பிடித்திருந்தா. முன்னுக்குப் பெண்ணின் தம்பி தர்சன், மாப்பிள்ளைத் தோழன். காரை ஓட்டிய குகதாசன் பெண்ணுக்குத் தாய்மாமன். கண்டாவளை அம்மன் கோயில் மண்டபத்தில் மருமகள் தேனுகா மணவறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்க, சாவகச்சேரியிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றி வரும் பொறுப்பை அவர் கேட்டு வாங்கியிருந்தார்.

கேட்டு வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டை பிடித்து வாங்கினார்.

"சத்தமில்லாத வாகனம் செத்தவீட்டுக்குத்தான் சரி" என்று பெண்ணின் தகப்பன் பரமலிங்கம் ஒரே பிடியாக நின்றார். "கரண்டில ஓடுறதை நம்பி மாப்பிள்ளையை ஏத்தேலுமே? பேசாமல் ஒரு வானைப் பிடிப்பம்."

"அத்தான், என்ர காரில மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முதல் வந்து இறங்குவார். இறங்காட்டி, இந்தக் குகதாசன் இனி உங்கட படலைக்குள்ள கால் வைக்கமாட்டான்."

"நல்ல காரியம் நடக்கிற வீட்டில உதென்ன கதை!" என்று அக்கா கமலாசனி கண்ணைத் துடைத்தா. குகதாசனுக்கு உடன்பிறப்பென்று இருப்பது அந்த ஒரு அக்கா மட்டும்தான். ஆனாலும் சபையில் விட்ட சொல்லைத் திருப்பி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்படிச் சொல்லத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கார் சாதாரணக் கார் இல்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று, வரிசையிலேயே படுத்து, வரிசையிலேயே பக்கத்து ஊர்க்காரரோடு சொந்தமும் கொண்டாடிய காலத்தில் குகதாசன் ஒரு முடிவு எடுத்திருந்தார். வயலில் வந்ததைச் சேர்த்து வைத்து, வவுனியாவில் ஒருவரிடம் பழைய ஜப்பான் கரண்ட் கார் ஒன்றை வாங்கினார். முதல் நாள் அது கண்டாவளை ஒழுங்கைக்குள் நுழைந்தபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நடு ரோட்டில் படுத்திருந்த மாடு, முகத்துக்கு நேரே கார் வந்து நின்றபிறகுதான் கண்ணைத் திறந்தது. பார்த்துக்கொண்டிருந்த சனம் வாயடைத்து நின்றது. சாமி சப்பறத்தில் வருகிறபோது வரும் அமைதி அது என்று குகதாசன் நினைத்தார். அவருக்கே மெய் சிலிர்த்தது.

உள்ளே எல்லாம் ஜப்பான் எழுத்து. "சார்ஜைப் பாத்து ஓடுங்கோ" என்று மட்டும் விற்றவர் சொல்லியிருந்தார். திரையில் ஏணிப்படி போலச் சில நீலக் கோடுகள் தெரிந்தன. அது ரேடியோவுக்கு வைத்த அலங்காரம் என்று குகதாசன் விட்டுவிட்டார். வாசிக்கத்தக்கதாய் இருந்தது ஒரு இலக்கம் மட்டுமே. அந்த இலக்கத்தில்தான் அதிசயம் இருந்தது. இரவு முழுக்கப் பிளக்கில் போட்டாலும் விடிய இருபத்தைந்துக்கு மேலே போகாது. வெயிலில் நிறுத்தினால் மத்தியானம் முப்பத்தாறு காட்டும்! கூரையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலர்த் தகடு இருந்ததைக் கண்டபிறகு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வீட்டுக் கரண்ட் இதுக்குப் புட்டிப்பால் மாதிரி. சூரியன்தான் தாய்ப்பால்" என்றார் ஊராருக்கு.

அயலவர்கள் மத்தியானங்களில் வந்து, கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்து, "ஏறுது, ஏறுது!" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். காலை வெயிலில் ஓட ஓட இலக்கம் கூடியது. ஓடினால் குறைகிற வண்டிகளைத்தான் உலகம் கண்டிருக்கிறது. ஓடினால் கூடுகிற வண்டி கண்டாவளையில்தான் நின்றது. சிலர் அதற்கு விபூதி பூசிவிட்டுப் போனார்கள்.

இப்போது அதே இலக்கம் இருபத்தொன்பது. கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஐப்பசி மழை" என்றார் குகதாசன். "சூரியன் மறைஞ்சிட்டார். சார்ஜ் இறங்குது. ஏசியை நிப்பாட்டுறன், குறை நினையாதேங்கோ."

ஜனார்த்தனன் முன்னுக்குச் சாய்ந்து, திரையைச் சுட்டிக்காட்டி, "மாமா, அந்த நம்பர்..." என்றான்.

"சூ!" பெரியம்மா அவன் கையைப் பிடித்து இறக்கினா. "தலைப்பாகை வச்சா தாலி கட்டுமட்டும் மாப்பிள்ளை வாய் திறக்கக்கூடாது. எங்கட வீட்டில உன்ர அப்பா, சித்தப்பா எல்லாரும் அப்பிடித்தான். நீ மட்டும் வாயாடி எண்டு பேர் எடுக்கப் போறியோ?"

மாப்பிள்ளை அடங்கிப்போனான். கொழும்பில் வேலை, சாதகம் பொருத்தம், குணம் பத்தரைமாற்று. அதற்கு மேல் அவனைப் பற்றிப் பெண்வீட்டார் ஒன்றும் விசாரிக்கவில்லை. பெரியம்மாவுக்கு இவ்வளவு அடங்குகிற பிள்ளை மருமகளுக்கும் அடங்குவான் என்று குகதாசன் அந்த நெருக்கடியிலும் மகிழ்ந்தார்.

மழை ஓங்கி அடித்தது. ஏசி இல்லாமல் கண்ணாடிகளை ஆவிப் புகார் மூடியது. முன்னால் போகிற லொறியும் தெரியவில்லை, ரோட்டும் தெரியவில்லை. குகதாசன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். ரோட்டுத் தெரிந்தது. ஆனால் மழை நேரே வந்து மாப்பிள்ளையின் பட்டிலும் பெரியம்மாவின் கொண்டையிலும் விழுந்தது.

"தம்பி, என்ர கொண்டைப் பூ!"

"அக்கா, பூவோ முகூர்த்தமோ?"

இலக்கம் இருபத்தேழு.

உமையாள்புரத்தில் குகதாசன் காரை ஓரங்கட்டினார். பாரம் குறைந்தால் சார்ஜ் மிஞ்சும் என்று அவருக்கு மூளையில் பட்டது. பின்னால் வந்த பஸ்ஸை நடு ரோட்டில் நின்று மறித்தார்.

"தர்சன், நீ இதில ஏறி முன்னுக்குப் போ. டிக்கிக்க கிடக்கிறது முழுக்க எடு. பலகாரத் தட்டு, வாழைக்குலை, எல்லாம்!"

"மாமா, தோழன் மாப்பிள்ளையோடதானே வரவேணும்?"

"மாப்பிள்ளை வந்து சேர்ந்தால்தான் தோழனுக்கு வேலை. ஏறடா!"

டிக்கியில் இருந்ததை எல்லாம் இருவரும் பஸ்ஸுக்குள் தள்ளினார்கள். ஜனார்த்தனன் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, உள்ளங்கையை மேலே உயர்த்தி 'நிறைய, நிறைய' என்பதுபோல் ஏதோ சைகை காட்டினான்.

"பாவம், பிள்ளைக்குப் பசி" என்றார் குகதாசன். பஸ்ஸை மறுபடி மறித்து ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு ரோட்டில் ஏறியபோது இலக்கம் இருபத்தைந்துக்கு வந்துவிட்டது. விடியப்புறத்து இலக்கம். அக்காவின் படலை கண்ணுக்குள் வந்தது. அந்தப் படலையை இனித் திறக்க முடியாது. புட்டும் சம்பலும் போய்விடும், தேனுகாவின் பிள்ளையைத் தூக்கவும் கிடைக்காது. எல்லாம் இந்த ஒரு இலக்கத்துக்குள் கிடந்தது. அவருக்கு அழுகை முட்டியது.

அப்போது ரோட்டோரத் தகரக் கொட்டிலில் மின்குமிழ் எரிவது தெரிந்தது. குகதாசனின் வயல் நெல்லை வழக்கமாக அவித்துக் கொடுக்கிற மாயாண்டியும் அவருடைய மனைவி அழகம்மாவும் பெரிய அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். குகதாசன் காரை நேரே கொட்டிலின் தாழ்வாரத்துக்குள் விட்டார். சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற காரைக் கண்டு அழகம்மா அகப்பையைப் போட்டுவிட்டா.

"பயப்பிடாதேங்கோ! மாப்பிள்ளைக் கார். கொஞ்சம் கரண்ட் தருவீங்களே?"

"அதுக்கென்னங்க ஐயா, எடுத்துக்கங்க" என்றார் மாயாண்டி.

குகதாசன் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். சார்ஜ் வயர் வைத்த கறுப்புப் பை இல்லை. அது வாழைக்குலையோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

அவர் தலையில் அடித்துக்கொண்டு குந்திய அந்த நேரத்தில் கைத்தொலைபேசி அழைத்தது. பரமலிங்கம்.

"எங்க நிக்கிறாய்? ஐயர் கடிகாரத்தைப் பாக்கிறார்!"

"அத்தான்... நெல்லு அவிக்கிற இடத்தில."

"என்னது? மாப்பிள்ளையோடையோ?"

பதில் சொல்ல வாய் எடுத்த குகதாசன் தற்செயலாகத் திரையைப் பார்த்தார். இருபத்தொன்பது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். முப்பத்தொன்று! காரின் முன்பக்கம் அடுப்புக்கு நேரே நின்றது. நெருப்பு தகதகவென்று எரிந்தது.

"அக்கா! ஏறுது! நெருப்பையும் குடிக்குது!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. "சூரியனும் நெருப்புத்தானே, அக்கா" என்று குகதாசன் மெல்லச் சொன்னார். அழகம்மா கும்பிட்டா. சுமித்திராவும் தட்டை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டா. ஜனார்த்தனன் மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தான். பிள்ளைக்குப் பக்தி கூடிவிட்டது என்று குகதாசன் எண்ணினார்.

ஆனால் காரை ரோட்டுக்கு எடுத்ததும் இலக்கம் மளமளவென்று இறங்கியது. திரும்பக் கொட்டிலுக்குள் விட்டால் ஏறியது.

"நெருப்பும் கூட வரவேணும்" என்றார் குகதாசன். "மாயாண்டி அண்ணை, உங்கட லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுமே?"

அடுப்புத் தணலை ஒரு பெரிய இரும்புத் தாச்சிச் சட்டியில் அள்ளி லாண்ட்மாஸ்டரின் இழுவைப் பெட்டியில் வைத்து, மேலே தகரம் சாய்த்து, பெட்டிக்குப் பின்னால் காரைக் கயிற்றால் கட்டினார்கள். லாண்ட்மாஸ்டர் இழுக்கும், தாச்சி சார்ஜ் ஏற்றும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று குகதாசன் தன்னையே மெச்சிக்கொண்டார்.

பெரியம்மாவின் முகம் மாறியது. "தம்பி, முன்னுக்கு நெருப்புச் சட்டி போறது எதுக்கெண்டு தெரியுமோ? கொள்ளி வைக்கப் போறதுக்கு! என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்!"

குகதாசனுக்கு அத்தானின் செத்தவீட்டுப் பேச்சு காதில் கேட்டது. ஒரு கணம் தடுமாறினார். பிறகு மாப்பிள்ளையின் மாலையிலிருந்து பூப் பிய்த்துத் தாச்சியைச் சுற்றி வைத்தார், அழகம்மாவிடம் குங்குமம் வாங்கி அதற்கு மூன்று பொட்டு வைத்தார்.

"இப்ப இது ஓமகுண்டம், அக்கா. அக்கினி சாட்சியாய்த் தாலி கட்டுறதெண்டால், சாட்சியும் மாப்பிள்ளையோட ஒண்டா வரத்தானே வேணும்?"

பெரியம்மா யோசித்தா. அதில் ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்தது.

"பெரியம்மா, தயவுசெய்து..." என்றான் ஜனார்த்தனன்.

"வாயை மூடு!"

கட்டபட கட்டபட என்று லாண்ட்மாஸ்டர் கண்டாவளை நோக்கி நகர்ந்தது. வயல்வெளியில் மழை தூறலாகிவிட்டிருந்தது. முன்னால் சிவந்த தணல், அதற்குப் பின்னால் புகைக்குள் வெள்ளைக் கார், அதற்குள் தலைப்பாகை. நாற்று வயலில் நின்ற சனம் நிமிர்ந்து, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்ன சாமி போகிறதென்று தெரியாமலே கும்பிட்டது. இலக்கம் முப்பத்தெட்டு. குகதாசன் வாங்கிய நாள்முதல் காணாத இலக்கம். அவருடைய கண்களில் நீர் தளும்பியது.

மண்டபத்துக்குக் கிட்ட வந்ததும் கயிற்றை அவிழ்த்தார். கடைசித் துண்டை அவரே ஓட்டினார். நாதஸ்வரத்துக்கு நடுவே, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல், புகை மணக்க மணக்கக் கார் வந்து வாசலில் நின்றது. சனம் தானாக இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. முகூர்த்தம் முடியவில்லை. ஐயர், "கெதியா, கெதியா!" என்றார். தர்சன் பெண்ணின் தம்பி என்ற முறையில் ஓடிவந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். மணவறைக்கு முன்னால் வரிசையாய் வைத்திருந்த பலகாரத் தட்டுகளுக்கு நடுவே, சார்ஜ் வயர்ப் பையும் ஒரு தட்டில் பூவோடு இருந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. கமலாசனி அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. படலை மிஞ்சியது.

பரமலிங்கம் எல்லார் முன்னாலும் எழுந்து வந்தார். அவருடைய கை குகதாசனின் தோளில் விழுந்தது.

"நான் சொன்னது பிழை, குகன். வெயிலில ஓடி, நெருப்பில ஓடி... உது மனுசன் செய்த வாகனம் இல்லை. எனக்கும் ஒண்டு பாத்துத் தா."

சபை முழுக்கத் தலையை ஆட்டியது. யாரோ கற்பூரம் கொளுத்திக் காருக்கு முன்னால் வைத்தார்கள். குகதாசன் கார்க் கதவைத் தடவிக்கொடுத்தார். வாழ்க்கையில் ஒருமுறைதான் மனிதனுக்கு இப்படி ஒரு நாள் வரும்.

சுமித்திரா சேலைத் தலைப்பால் கொண்டையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைப் பக்கம் திரும்பினா.

"சரி மகன், இனி நீ கதைக்கலாம்."

ஜனார்த்தனன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"மாமா, கொழும்பில நானும் இதே கார்தான் வச்சிருக்கிறன், நீங்கள் பாத்துப் பாத்து வந்த நம்பர் வெளியில அடிக்கிற வெக்கையின்ர டிகிரி, சார்ஜ் எண்டது பக்கத்தில கிடந்த நீலக் கோடு, அது சாவகச்சேரியில இருந்து இஞ்ச வருமட்டும் முக்காலுக்குக் கீழ இறங்கவேயில்லை."