எட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு கை

காட்டுப்பாக்கம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ராஜகுமாரிக்கு,

துலுக்கானம் எழுதிக்கொண்டது. நான் நலம். தண்ணீர் மோட்டார் நலம், துளசிச் செடி நலம். அங்கே நீ, லாவண்யா, மாப்பிள்ளை, பாப்பா நால்வரும் நலம்தானே. கட்டின புருஷன் கடிதம் போடுகிறானே என்று பதறாதே. போனில் மூன்றாவது வார்த்தைக்குள் "பாப்பா முழிச்சிக்கிச்சு, வச்சிடறேன்" என்கிறாய். கடிதத்தை நீ எங்கே வைத்தாலும் அது பாட்டுக்குப் பேசும்.

ஆல்பத்துக்குப் பத்து போட்டோ கழுவி அனுப்பச் சொன்னாய். மகள் பிரசவத்துக்கென்று புனே போனவள் நீ, ஏழு மாதமாகிறது. வாரம் நாற்பது படம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் பூந்தமல்லி ஸ்டுடியோவுக்கு ஓட முடியுமா என்று யோசித்து வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வாங்கினேன். முதல் படத்தில் பாப்பா பச்சை. அடுத்ததில் முகமெல்லாம் கோடு, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, "தெனம் ஒரு பக்கமாச்சும் எடுக்கணும் நைனா, சும்மா வுட்டா மை காஞ்சி அடைச்சிக்கும்" என்றான். உண்மைதான். போன மாதம் நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு மாவுக் கடையில் வாயைத் திறந்தேன், எனக்கும் காற்றுதான் வந்தது. மெக்கானிக் சொன்ன அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு பக்கம். எதை அடிப்பது? "சாப்பிட்டேன்" என்று ஒரு வரி. பதினெட்டுத் தாள் சேர்ந்திருக்கிறது.

ஆனாலும் பாப்பாவின் பச்சை முழுசாகப் போகவில்லை. சரி, ஆல்பமாச்சே என்று பூந்தமல்லியில் லோகநாதன் ஸ்டுடியோவுக்கே போனேன். மெட்ரோ வேலையில் பஸ் நகரவில்லை, பாதி வழி நடை. படங்கள் பளபளவென்று வந்தன. பாப்பாவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, நம்ம பாப்பா மாதிரி இல்லை. என்ன குறைகிறது என்று பார்த்தால் கன்னத்துப் பொட்டைக் காணோம்.

"கன்னத்துல அயுக்கு இருந்திச்சி அண்ணாத்தே. கிளீன் பண்ட்டேன்" என்றான் லோகநாதன்.

"யோவ், அது திருஷ்டிப் பொட்டுய்யா!"

"கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும் திருஷ்டி? ஓரத்துல யாரோ கை ஒண்ணு எல்லாப் படத்துலயும் வந்துகினே கீது. அத்தையும் வெட்டிட்டேன்."

யாரோ கை. ராஜி, போனை எடுத்து அங்கேயே நின்றபடி முதல் படத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். ஏழு மாதப் படங்களில் உன் முகம் ஒன்றில்கூட இல்லை. லாவண்யா எடுக்கிறாள், நீ பிடித்துக்கொள்கிறாய். பாப்பா முதுகைத் தாங்கி ரெண்டு வளையல் போட்ட கை. அவ்வளவுதான் நீ.

"அந்தக் கையை மட்டும் பெருசா போட்டுக் குடுப்பா. எட்டுக்குப் பன்னிரண்டு."

"கொயந்தைய வுட்டுட்டா? இன்னா அண்ணாத்தே, கைய ஃபிரேம் போட்டு மாட்டப் போறியா?"

வெட்டிய பத்தையும் எடுத்து வந்து, கண்ணாடிக்குப் பின்னால் நீ விட்டுப் போன மை டப்பாவைத் தேடி, நானே பொட்டு வைத்தேன். பத்தாவது படத்தில் கை தவறி மூக்கில் விழுந்துவிட்டது. பாப்பா பெரியவளானதும் கேட்டால் தாத்தா வைத்தது என்று சொல்லு.

ஆக, ஆல்பத்துக்கு ஸ்டுடியோ, அன்றாடத்துக்கு வீட்டு பிரிண்டர் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே ஒரு குறையும் இல்லை. நீ அவசரப்பட்டுக் கிளம்பாதே. பாப்பா நடக்கட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். லாவண்யாவுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசி, நூறு வருஷத்துக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
துலுக்கானம்

பி.கு.: பள்ளிக்கூடம் என்றெல்லாம் எழுதியது சும்மா ஒரு பேச்சுக்கு. கையை ஹாலில் மாட்டியாச்சு. இன்று காலைப் பக்கத்தில் "சாப்பிட்டேன்" என்று அடிக்க மனசு வரவில்லை. "எப்போ வர்றே" என்று அடித்தேன். மை ஒரு இடத்திலும் அடைக்கவில்லை. அந்தத் தாளையும் உள்ளே வைத்திருக்கிறேன்.