கோஸ்தாஸ் துரைக்கு ஒரு தட்டு கிழங்கு

"ஆலிவ் எண்ணெய் பன்னிரண்டு போத்தலா? எத்தனை காதுக்கு அண்ணே?"

ஈப்போ மருந்துக்கடையில் அப்பாவுவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த எண்ணெய் அங்கேதான் கிடைத்தது. கட்டைவிரல் உயரப் போத்தலில், காது வலிக்கென்று. சமையலுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"வீட்டுல எல்லாருக்கும் காது வலி லா," என்றார்.

கடைக்காரப் பெண் நஸீரா பரிதாபப்பட்டு ஒரு பொட்டலம் பஞ்சையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அப்பாவு பத்து காஜா ஊரில் ஈயம் தோண்டும் கப்பலில் சாமான் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி. போன மாதம் அவர் ஒரு நம்பரைத் தப்பாக எழுதி வேறு பல்சக்கரத்தை வரவழைத்துவிட்டார். கப்பல் மூன்று நாள் ஓடவில்லை. அவரை வேலையைவிட்டு அனுப்பவே முடிவு செய்திருந்தார்கள். அப்போது கிரேக்க நாட்டு இன்ஜினியர் கோஸ்தாஸ், "நம்பரை மாற்றிச் சொன்னது நான்தான்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் எதிரில் வந்தால் அப்பாவு தரையைப் பார்த்துத்தான் நடந்தார். நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். கிரேக்கர்கள் உருளைக்கிழங்கில் எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் ஊற்றி ஓவனில் வேகவைப்பார்கள் என்று ஏதோ பழைய பத்திரிகையில் படித்திருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் அதைச் செய்து வைத்து அவரை அசத்துவதாகத் திட்டம்.

"சோறும் கோழியும் நான் ஆக்குறேன். கிழங்கு உங்க பாடு," என்று சொல்லிவிட்டாள் மனைவி முத்தம்மா.

குனோங் ராபாட்டில் இருந்த அவர்கள் வீட்டில் ஓவன் ஏது? பிஸ்கட் டின்னில் கிழங்கை அடுக்கி, மேலேயும் கீழேயும் கரி நெருப்பு வைத்தார் அப்பாவு. எலுமிச்சை கிடைக்கவில்லை. லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டிப் புளிப்புக் காய் இருபதைப் பிழிந்து ஊற்றினார். ருசி பார்த்தபோது ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"கொஞ்சம் சீனி போடுங்க."

சீனி போட்டார். அடி கருகியது. கருகலுக்குத் தண்ணீர் ஊற்றினார். கிழங்கு கரைந்து பசையாகிவிட்டது.

"என்னங்க இது, போஸ்டர் ஒட்டவா?"

"நீதானே சீனி போடச் சொன்ன!"

வாசலில் கார் வந்து நின்றது. டிரைவர் ராஜு கதவைத் திறந்துவிட, கோஸ்தாஸ் இறங்கினார்.

"தள்ளுங்க," என்று முத்தம்மா வாணலியை அடுப்பில் வைத்தாள். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் போட்டு எல்லாவற்றையும் ஒரே கிளறாகக் கிளறினாள். கருகல் மறைந்தது. கூடவே கிரேக்க நாடும் மறைந்தது.

"அத மேசைக்குக் கொண்டு போவாத!" என்று அப்பாவு கெஞ்சுவதற்குள் கொண்டு போய் வைத்துவிட்டாள்.

கோஸ்தாஸ் ஒரு வாய் எடுத்தார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டையே பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"கிழங்கு, துரை." அது கிரேக்கக் கிழங்கு என்பதை அப்பாவு மறைத்துவிட்டார்.

கோஸ்தாஸ் மறுபடி வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொரு தடவையும். கோழி அப்படியே இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவுவின் கையை இறுகப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காருக்குப் போனார்.

அப்பாவு அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா, மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. எல்லாம் என் மானத்தக் காப்பாத்தத்தான். போன மாசம் என் தப்ப அவரு தலையில போட்டுக்கிட்டாரு, இன்னிக்கு அதையே முழுங்கிட்டுப் போறாரு. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போவேன்?"

முத்தம்மா டின்னின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். ராஜு ஒரு காகிதமும் பேனாவுமாகத் திரும்பி வந்து நின்றான்.

"அண்ணே, இந்தத் தமிழாளுங்க கிழங்க எப்படிச் செய்றதுன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு தொரை. ஊர்ல அவங்க அம்மாவுக்கு அனுப்பணுமாம். அவங்க செய்ற கிழங்கு வாயில வைக்க வெளங்காதாம் லா!"