தொதலும் தற்காலிகப் பாலமும்

வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிப் பெருமையடிக்கக் கூடாது. அடித்தால், ஒரு நாள் அதை நிரூபிக்க வேண்டி வரும். எனக்கு அந்த நாள் என் மகள் சுகன்யாவின் கல்யாண நாளாக அமைந்தது.

கண்டியில் எனக்கு ஒரு புடவைக் கடை. ஒரு காலை, சிக்கிக்கொண்ட ஷட்டரோடு மல்லுக்கட்டினேன். அது சட்டென்று விடுபட்டு வாயில் அடித்ததில் மேல்வரிசை முன்பற்கள் மூன்று போயின. பல் டொக்டர் இரண்டு வழி சொன்னார். தாடை எலும்பில் திருகாணி மாதிரி மூன்று வேர் பதித்து, வேருக்கொரு பல் வைக்கலாம். அல்லது இரண்டே வேர் பதித்து, மூன்று பல்லையும் ஒரே பாலமாகப் பொருத்தலாம்.

"எது டொக்டர் ரொம்ப நாளைக்கு நிக்கும்?"

"கவனமா வச்சிருந்தா ரெண்டும் நிக்கும் அங்கிள். தனித்தனின்னா துலக்குறது லேசு. ஒண்ணு பழுதானா அத மட்டும் பாத்துக்கலாம். பாலம்னா அடியில சாப்பாடு சிக்கும், ஒண்ணு பழுதானா மூணையும் கழட்டணும். ஆனா ஒரு வேர் குறைவு."

ஒரு வேர் குறைவு என்றால் ஒரு துளை குறைவு. அந்த நொடியே பாலம் என்று முடிவு செய்துவிட்டேன் (துளைக்கும் கருவியைப் பார்த்தாலே நாற்காலியை விட்டு இறங்கிவிடுகிற ஆள் நான்). வெளியில் மட்டும், எல்லாம் ஆராய்ந்து பார்த்ததில் பாலம்தான் பலம் என்று சொல்லித் திரிந்தேன்.

இந்தப் பிரசங்கத்தை அதிகம் கேட்டவர் பக்கத்துக் கடை நஸீர் நானா. கம்பளைக்காரர். அவருக்கும் முன்னால் ஒரு பல் கட்டியது, தனிப்பல்.

"தனியா நிக்கிறதுதான் தம்பி பல்லு. கூட்டமா நிக்கிறது வேலி," என்பார். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் எங்களுக்கு இதே வழக்குத்தான்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு வழக்கு ஓடியது. சுகன்யா தானே ஒரு யாழ்ப்பாணத்துப் பையனைத் தேடிக்கொண்டாள். நான் குதித்தேன். மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. பிறகு பையனைப் பார்த்தேன், பிடித்துவிட்டது. ஆனால் அதை அவளிடம் சொல்ல வீம்பு விடவில்லை. கல்யாணத்தன்று, காலில் விழும்போது, வாய் நிறையச் சிரித்து "எனக்குச் சந்தோசம்மா" என்று சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். கல்யாணம் முடிந்ததும் அவர்கள் மெல்பர்ன் போவதாக ஏற்பாடு.

அந்தச் சிரிப்புக்காகவே டொக்டரிடம் கெஞ்சி, நிரந்தரப் பற்கள் வருமுன் ஒரு தற்காலிகப் பாலம் ஒட்டிக்கொண்டேன். "ஒட்டுற பண்டம் எதுவும் வாயில வைக்கக் கூடாது அங்கிள்," என்று இருமுறை சொன்னார். நஸீர் நானாவிடம் தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் பாலம் போட்டாயிற்று என்றேன்.

கல்யாணக் காலையில் மண்டபத்துக்கு ஒரு தட்டுத் தொதலோடு வந்தார் மனிதர். அவர் வீட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அல்வா மாதிரி இழுபடக் கிண்டிய தொதல், கறுத்து மினுமினுத்தது. பெண்ணின் வாப்பா வாய் முதலில் இனிக்க வேண்டுமாம்.

"என்ன தம்பி யோசிக்கிறீங்க? பாலம் தாங்காதா? இந்தா, என்ட தனிப்பல்லு தாங்குது," என்று ஒரு துண்டைக் கடித்து இழுத்துக் காட்டினார். சுற்றிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

மறுக்க நான் யார்? பெரிய துண்டாகப் பார்த்துக் கடித்தேன். இழுத்தேன். தொதல் வந்தது. அதில் வரிசையாக மூன்று பற்களும் வந்தன. டொக்டர் சொன்னது சரி, பாலம் என்றால் எல்லாம் ஒன்றாகத்தான் போகும்.

நஸீர் நானா பதறிப்போய்த் தன் கைக்குட்டையில் அதைச் சுற்றி என் பையில் வைத்தார். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் ஓட்டை வாயோடு நிற்பதா என்று உதட்டைப் பூட்டினேன். தாரை வார்த்தபோதும் பூட்டு, படம் எடுத்தபோதும் பூட்டு.

"மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுங்களேன்," என்று மனைவி காதைக் கடித்தாள். அவளுக்கு மட்டும் திறந்து காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சுகன்யா காலில் விழுந்து எழுந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னுமா கோவம், அப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். தலையில் கை வைத்தேன். இறுகிய உதட்டோடு தலையாட்டினால் அது எப்படித் தெரியும் என்று எனக்கு எட்டவில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டாவது சொல்லியிருக்கலாம். பல் இல்லாத வாயால் சொன்னாலும் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் அழுதுகொண்டே கார் ஏறினாள். பெண்கள் எல்லாரும் அப்படித்தான் ஏறுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையை மனைவி பிறகு தொலைபேசியில் சொன்னாளாம். மகள் வெகுநேரம் சிரித்தாளாம். பிறகு அழுதாளாம்.

இப்போது நிரந்தரப் பாலம் இருக்கிறது. தினமும் அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறேன். நஸீர் நானாவின் தனிப்பல்லும் அசையவில்லை. வழக்கு சமனில் முடிந்தது.

பேத்தி பிறந்து, பேசவும் தொடங்கிவிட்டாள். மெல்பர்ன் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அதில் உதட்டை இறுக்கி உர்ரென்று நிற்கும் ஆளுக்கு அவள் வைத்த பெயர் கோவத் தாத்தா. வீடியோ போனில் பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கும் நான் வேறு ஆள் என்று நினைத்திருக்கிறாள். ஒரு நாள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் தாயிடம் கேட்டாள்:

"இந்தத் தாத்தாவ ஏன் உங்கட கலியாணத்துக்குக் கூப்பிடேல்ல?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் விசேஷம் என்றால் எனக்கு இரண்டு அழைப்பிதழ் வைக்கிறார்கள், கோவத் தாத்தாவுக்கு ஒன்று, சிரிக்கும் தாத்தாவுக்கு ஒன்று. வாங்கிக்கொண்டு நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சுகன்யாவின் கல்யாணத்துக்கும் அந்தச் சிரிக்கும் தாத்தாவைக் கூப்பிடத்தான் செய்தார்கள். வராமல் போனவன் நான்தான்.